மணிக்கு நானூறு என்று நான் எழுதிக்கொடுத்தது

செந்தில்,

நீ சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. காலையில்தான் போனில் உன் முகத்தைப் பார்த்தேன். சௌக்கியமாகத்தான் இருக்கிறாய், தாடியை மழித்துப் பத்து நாளாகியிருக்கும். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருப்பதால் இப்போதைக்கு அதை விடுகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் மீதியைச் சொல்லமாட்டேன். சொல்லவேண்டியதெல்லாம் அந்த மீதியில்தான் இருக்கிறது. இன்னொன்று, இதை நான் ஒட்டி மூடி அனுப்பப்போவதில்லை, ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். விருத்தாசலத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். ஊர் கேட்கப் பொய் சொன்னவள் உண்மையை மட்டும் உறைக்குள் போட்டு அனுப்புவது நியாயமில்லை.

ஆமாம், பொய்தான். அந்தச் சொல்லை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். புதுச்சேரியில் நான் படித்த கன்னியர் பள்ளியில் பொய் சொன்னால் வகுப்பு முடியும்வரை முழங்காலில் நிற்கவேண்டும். பத்து வருஷத்தில் நான் ஒரு நாள்கூட நின்றதில்லை. அந்தப் பெருமையை இந்த வயதுவரை காப்பாற்றிக்கொண்டு வந்து, ஒரு முழு வெள்ளைத்தாளில், அதுவும் மார்ஜின் போட்டு, தொலைத்தேன்.

கயலின் அப்பா சம்மதம் சொல்ல ஏன் மூன்று மாதம் ஆனது என்று நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய். "பெரியவங்க, யோசிப்பாங்கடா" என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. நாங்கள் பெண் கேட்டுப் போன அன்றே, காபி ஆறுவதற்குள், முடியாது என்று சொல்லிவிட்டார். ஏழு வருஷம் மனசுக்குள் வைத்திருந்து, வெட்கப்பட்டுக்கொண்டே என்னிடம் சொன்ன பெண்ணை நீ இழக்கப்பார்த்தாய். காரணம் ஜாதகம் இல்லை, சாதி சனம் இல்லை. நான்தான்.

கதை எட்டு வருஷத்துக்கு முன்னால் தொடங்குகிறது. நீ இத்தாலிக்குப் போன முதல் வாரம் போனில் சொன்னாய்: "அம்மா, ஒலகத்துலயே வேகமா ஓடுற காரு இருக்குதில்ல, ரேஸுக்கு இல்ல, காசு இருந்தா வாங்கி ரோட்டுல ஓட்டுற காரு, அதுக்கு பிரேக் தட்டு செஞ்சு குடுக்குற எடம்மா இது. பீங்கான் தட்டு. நம்ம ஊரு சூளை மாதிரிதான். சூடு மட்டும் ஜாஸ்தி." நான் இதில் 'உலகத்திலேயே வேகமான கார்' என்பதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றதைக் கீழே போட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அன்று போனை வைத்துவிட்டு உன் அப்பாவின் படத்தைப் பார்த்துச் சண்டை போட்டேன். அவர் தன் ஆயுசு முழுவதும் செய்தது வீட்டு மெயின் போர்டில் மாட்டுகிற பீங்கான் ஃபியூஸ் கட்டை. கரண்டை நிறுத்துகிற சாமான். நீ செய்யப்போனது காரை நிறுத்துகிற சாமான். "ஏங்க, இந்தக் குடும்பத்துல எதையாவது ஓடவிடுற சாமான் செய்ய ஒருத்தனும் பொறக்கமாட்டானா?" என்று கேட்டேன். படம் வழக்கம்போலச் சிரித்தது.

எனக்கு வேகத்தின்மேல் ஏன் இவ்வளவு ஆசை என்றால், அதற்கும் உன் அப்பாதான் பொறுப்பு. நீ பிறந்த அன்று, வலி எடுத்த என்னை, இரவல் வாங்கின ஜீப்பில் அவரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். வைக்கோல் வைத்துப் பீங்கான் ஏற்றின வண்டியை ஓட்டியே பழகின மனிதர். மாட்டு வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. சத்தியமாகப் போனது. "கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்!" என்று கத்தினேன். "உள்ள சாமான் இருக்குது பாரு, குலுங்கக்கூடாது" என்றார். ஆட்டுக்குட்டி ஒன்று ரோட்டைக் கடக்க வண்டியை நிறுத்தினார். அது கடக்க மனமில்லாமல் நிற்க, இறங்கிப் போய் அதைத் தூக்கி ஓரத்தில் விட்டுவிட்டு வந்தார். நீ ஆஸ்பத்திரி வாசலில் பிறக்காமல் உள்ளே பிறந்தது உன்னுடைய பொறுமை, அவருடைய சாமர்த்தியம் இல்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்: இந்தப் பிள்ளையாவது வேகமாகப் போகவேண்டும். நீ பள்ளி முடித்து நம் ஊரிலேயே பீங்கான் டிப்ளமா சேர்ந்தபோது நான் ஊரில் "இன்ஜினியரிங் படிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்ததும் அதனால்தான். அது பொய்யில்லை, பாதி உண்மை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பாதி உண்மையில் பழகின நாக்கு மீதிப் பாதியைத் தேடிப் போகாது.

பிறகு ஒரு கல்யாண மண்டபம். பந்திக்குக் காத்திருந்த நேரம். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் மகன் அமெரிக்காவில் வாங்கின வீட்டில் எத்தனை பாத்ரூம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். நான்காவது பாத்ரூமில் நான் பொறுமை இழந்தேன். "என் பையன் ஒலகத்துலயே வேகமான காரு செய்யுற கம்பெனியில இருக்கான்" என்றேன். இரண்டு மாதம் கழித்து இன்னொரு மண்டபத்தில் கம்பெனி போய்விட்டது. "அவன்தான் அந்தக் காரைச் செய்யுறான்" என்றேன். அடுத்த தையில் "அவன் ஓட்டிப் பாத்து சரின்னு சொன்னாத்தான் வெளிய வுடுவாங்க." இப்படி நான் உனக்குக் கொடுத்த பதவி உயர்வுகளை உன் முதலாளிகள்கூடக் கொடுத்திருக்கமாட்டார்கள். அந்தக் கார் தட்டு மாட்ட வந்த நாளில் உன்னை ஒரு நிமிஷம் உட்காரவிட்டார்கள் என்று, ஸ்டீரிங்கைப் பிடித்தபடி ஒரு போட்டோ அனுப்பினாயே, அது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

அந்தப் போட்டோவை ஜாதகத்தோடு சேர்த்துப் பின் குத்தினேன். குறிப்புத் தாளில் பெயர், நட்சத்திரம், உயரம் எல்லாம் ஒரு இம்மி பிசகாமல் எழுதினேன். உயரத்தில் அரை அங்குலம் கூட்டிப் போடு என்று உன் பரிமளம் அத்தை சொன்னாள். "எங்க வூட்டுல பொய் எழுதுற பழக்கமில்ல" என்று அவளை அடக்கினேன். அடுத்த வரியில், தொழில் என்பதற்கு நேராக, 'உலகின் அதிவேகக் கார், மணிக்கு 400 கி.மீ.' என்று எழுதினேன். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. அதுதான் எனக்கு இப்போதும் ஆச்சரியம்.

நானும் உன் அத்தையும் சேத்தியாத்தோப்புக்குப் போனோம். கயலின் அப்பா ரிட்டயரான பஸ் டிரைவர் என்று நீ சொல்லியிருந்தாய். ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. முதுகு நேராக, பின்னால் யார் வருகிறார்கள் என்று ஓரக்கண்ணில் ஒரு கவனம். தாளை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"நானூறுன்னு போட்டுருக்குதே, என்னாதும்மா இது?"

"வேகங்க. மணிக்கு நானூறு கிலோமீட்டரு."

"யாரு போறது?"

திருத்திக்கொள்ளக் கடவுள் எனக்குக் கொடுத்த இடம் அது. "எம் பையன்தாங்க" என்றேன்.

"இங்கேருந்து எங்க வூட்டுக்கு நாலே நிமிஷம்ங்க!" என்று உன் அத்தை வேறு சேர்ந்துகொண்டாள். பஸ்ஸில் வரும்போதே விரல் விட்டுக் கணக்குப் போட்டிருக்கிறாள்.

"நாலு நிமிஷம்" என்று அவர் தலையை ஆட்டினார். "கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் அறுப்பு நேரத்துல ரோட்டுலதான் நெல்லு காயுது. அத என்னா பண்ணுவாரு?"

"பறந்துடுவாருங்க" என்றாள் உன் அத்தை.

அவர் தாளை நான்காக மடித்து என் பக்கம் நகர்த்தினார். குரல் உயரவில்லை. "முப்பத்தோரு வருஷம் பஸ்ஸு ஓட்டுனேம்மா. ஒரு கோழிய அடிச்சதில்ல. மாடு குறுக்க வரும், குடிச்சவன் குறுக்க வருவான், ஸ்கூலு புள்ளைங்க வரும். எல்லாத்துக்கும் நின்னுதான் போயிருக்கேன். நானூறுல போறவருக்குப் பொண்ணக் குடுத்துட்டு, எப்ப போனு வரும்னு பாத்துக்கினே உக்காந்திருக்க என்னால ஆவாது. மனசுல வச்சிக்காதீங்க. காபி சாப்புடுங்க."

திரும்பும்போது பஸ்ஸில் நான் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "பஸ் டிரைவருக்கு என்னா தெரியும், ஒலகம் எங்க போவுதுன்னு" என்றேன். உன் அத்தை, வரும்போது கணக்குப் போட்ட விரல்களை மடக்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

மூன்று மாதம் உன்னிடம் 'யோசிக்கிறார்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு கயல் எனக்குப் போன் செய்தாள்.

"அத்தை, அவரு பிரேக்குதான் செய்யுறாருன்னு அப்பாகிட்ட எத்தினியோ தடவ சொல்லிட்டேன். நம்பமாட்டேங்குறாரு."

"ஏம்மா?"

"'நீ அந்தப் பையனுக்காகப் பேசுற'ங்கிறாரு. 'அந்தம்மா கான்வென்ட்டுல படிச்சவங்க, கையெழுத்தப் பாத்தேன், முத்து முத்தா இருந்துது, இப்டி எழுதுறவங்க பொய் எழுதுவாங்களா'ங்கிறாரு. இன்னொரு எடம் வந்திருக்குது அத்தை. அடுத்த வெள்ளிக்கிழம பாக்க வராங்களாம்."

"செந்திலுகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. சொன்னா உங்களக் கோச்சிக்குவாரு. நீங்களே வந்து சரி பண்ணிடுவீங்கன்னு இருக்கேன்."

அவள் அழவில்லை, குற்றம் சொல்லவில்லை. உன்னிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஒரு பெண்ணைப் பற்றி அம்மா தெரிந்துகொள்ளவேண்டியது இவ்வளவுதான். அன்றைக்கே அவள் என் மருமகள் என்று முடிவு செய்தேன். அப்பா மட்டும்தான் பாக்கி.

வியாழக்கிழமை காலை தனியாகப் போனேன். வழியெல்லாம் அந்த பஸ் கை காட்டின இடத்திலெல்லாம் நின்றது. நான் ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. போய்ச் சேர எனக்கும் அவசரமில்லை. உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. கன்னியர் பள்ளித் தண்டனைக்கு முழங்கால் இந்த வயதில் மடங்காது, நின்றாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"சார், நான் எழுதிக் குடுத்ததுல ஒன்னு தப்பு."

"எது, வயசா?"

"வேகம். அவன் காரு ஓட்டுறதில்ல. காரு செய்யுறதும் இல்ல. அந்தக் காருக்கு பிரேக் தட்டு செய்யுற எடத்துல இருக்கான். கயல் சொன்னதுதான் உண்மை. நான் எழுதுனது பொய்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிரேக்கா?"

"ஆமாங்க."

"பிரேக்கா!" இரண்டாம் தடவை சொன்னபோது, சொந்தக்கார வீட்டுப் பிள்ளையின் பெயரைக் கேட்டதுபோல் இருந்தது. "ஏம்மா, அத எழுதுறதுக்கு உங்களுக்கு என்னா வெக்கம்? காலையில வண்டிய எடுக்குறப்ப மொதல்ல நான் மிதிச்சுப் பாக்குறதே அதத்தானே. வண்டி கெளம்பலன்னா எறங்கித் தள்ளுவாங்க. நிக்கலன்னா?"

அதற்கப்புறம் அவர் கேட்க ஆரம்பித்தார். எத்தனை டிகிரி சூடு தாங்கும்? மழையில் நனைந்தால் பிடிக்குமா? எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டும்? நானூறில் வந்து மிதித்தால் எங்கே நிற்கும்? தெரியாதுங்க, தெரியாதுங்க, தெரியாதுங்க, தெரியாதுங்க. பள்ளிக்கூடத்தில்கூட நான் வரிசையாக நான்கு கேள்விக்கு விழித்ததில்லை.

"எத்தினி வருஷமா அங்க இருக்காரு?" என்றார்.

"எட்டு."

அவர் என் முகத்தை விட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்காகத்தான் பார்த்தார். எனக்கு அது புரிந்தது.

இப்போது நீ உட்கார்ந்துகொள். அன்றைக்கு உன் காபி நேரத்தில் நான் போன் செய்து பிரேக்கைப் பற்றிக் கேட்டேனே, நீயும் குஷியாக முக்கால் மணி நேரம் பேசினாயே, அது எனக்கும் உனக்கும் மட்டுமான பேச்சு இல்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர்கள் வீட்டு முக்காலியின்மேல், வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில். எதிரே உன் வருங்கால மாமனார் தாளும் பென்சிலுமாக. கதவோரம் அவர் சம்சாரம். அவருக்குப் பின்னால் கயல், துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு.

"நானூறுல போற காரு பிரேக் போட்டா எங்கடா நிக்கும்?" என்று நான் கேட்டதும் நீ கேட்ட முதல் கேள்வி, "அம்மா, ஒடம்பு நல்லாருக்குதா?" அதற்கே கயலின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு நீ சொன்னாய்: பத்து செகண்டில், அரைக் கிலோமீட்டருக்குள் நின்றுவிடும். "வெள்ளாத்துப் பாலத்துக்கு இந்தாண்ட மிதிச்சா அந்தாண்ட நிக்கும்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். "யாரும்மா அங்க?" என்றாய். "டிவி" என்றேன். ஒரு பொய்யைத் திருத்தப் போன இடத்தில் இன்னொன்று. அதையும் இதோடு கழித்துக்கொள்.

நீ சொல்லிக்கொண்டே போனாய். முழு வேகத்தில் போனால் டேங்க் பெட்ரோல் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடுமாம்; அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். சில கார்களில் அந்த வேகத்துக்கென்று தனியாக ஒரு சாவியே உண்டாம். "சாவிய பொண்டாட்டிகிட்ட குடுத்து வைக்கணும்" என்று தாளில் எழுதி என்னிடம் காட்டினார். வேகச் சாதனைக்கு ஒரு திசையில் மட்டும் ஓடினால் கணக்கில்லை, காற்று உதவியிருக்கலாம் என்று அதே பாதையில் திரும்பவும் ஓடிக் காட்டவேண்டுமாம், "நியாயம்" என்றார். மிதித்ததும் தட்டு சூளைக்குள் இருக்கிற சாமான் மாதிரி சிவந்துவிடும், ஆனாலும் வளையாது என்று நீ சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. மயிரிழை வெடிப்பு இருந்தால்கூட, வாரக்கணக்கில் செய்த தட்டை உடைத்துப் போட்டுவிடுவோம் என்றாய். உன் குரல் அப்படி ஒலித்து நான் கேட்டதே இல்லை.

அப்போதுதான் அவர் ஒரு சீட்டை என் முன்னால் தள்ளினார்: 'அவர் ஓட்டுவாரா?'

கேட்டேன். நீ சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது: "அய்யய்யோ, நானா? ஒரு தடவ பக்கத்து சீட்டுல உக்கார வச்சு முந்நூறுல கூட்டினு போனாங்கம்மா. கண்ண மூடிக்கினு நம்ம ஊரு முருகனக் கூப்புட்டு கொளஞ்சியப்பா, கொளஞ்சியப்பான்னு கத்துனேன். அந்த இத்தாலிக்காரன் அது என்னா கியருன்னு கேக்குறான். எறங்குன ஒடனே வாந்தி. எங்கிட்ட இருக்குறது சைக்கிளுதாம்மா, அதுவும் எறக்கத்துல எறங்கித் தள்ளிக்கினுதான் போவேன்."

கயல் சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அவள் அப்பா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு குலுங்கினார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் நீ அதைச் சொன்னாய்: "என்னாம்மா ஆச்சு ஒனக்கு? எட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் என் வேலையப் பத்திக் கேட்டிருக்க."

நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். போனை வைத்த பிறகு கயலின் அம்மா எழுந்து போய் மோர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். குடிக்கும் சாக்கில் நான் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கயலின் அப்பா பேசினார். "பயப்படுறாரும்மா. அது போதும். பயம் இல்லாதவன் கையில நான் ஸ்டீரிங்கையும் குடுத்ததில்ல, பொண்ணையும் குடுக்கமாட்டேன். நாளைக்கி வரேன்னவங்களுக்கு போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுறேன். நீங்க நல்ல நாள் பாத்துச் சொல்லுங்க."

இப்படித்தான் உன் கல்யாணம் நிச்சயமானது. என் சாமர்த்தியத்தால் கெட்டு, உன் வாந்தியால் சரியானது.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா நாலு புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றுதான் தேறும். கயல் சிதம்பரத்தில் நோயாளிகளுக்குக் கை கால் நீட்டி மடக்கப் பயிற்சி கொடுக்கிறாள். சாயங்காலம் அவள் பேசும்போது, இன்றைக்கு யாருடைய எந்த முழங்கால் மடங்கியது என்று கேள். பதில் புரியாவிட்டாலும் கேள். அவளைப் பற்றி ஊரில் பெருமை பேசுவதற்கு முன்னால் அவளிடமே ஒரு தடவை கேட்டுக்கொள். நான் உன்னைப் பற்றி எட்டு வருஷம் ஊரெல்லாம் பேசினேன், உன்னோடு பேசவில்லை. உன் அப்பாவோடும் அப்படித்தான் இருந்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. ஃபியூஸ் கட்டைக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. அவரிடம் இனிக் கேட்கமுடியாது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கமுடியும். கேட்டுக்கொள்கிறேன். ஒரு தடவைதான் கேட்பேன், வந்து இறங்கியதும் கட்டிப்பிடித்து நாடகம் பண்ணாதே.

நான்கு பாத்ரூம் அம்மாளைக் கடைத்தெருவில் பார்த்து அவளிடமும் திருத்திச் சொல்லிவிட்டேன். "ஓ, பிரேக்கா? ஒர்க்‌ஷாப்புல இருக்கானா? எங்க ஸ்கூட்டருக்கும் பிரேக் சரியில்ல, வந்தா பாக்கச் சொல்லுங்க" என்றாள். "சொல்றேங்க" என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு பலம் தேவைப்பட்டது என்று அந்தக் கன்னியர்களுக்குத்தான் தெரியும்.

உன் மாமனார் இப்போது தினமும் காலையில் போன் செய்கிறார். கல்யாணப் பேச்சு ஐந்து நிமிஷம், பிரேக் பேச்சு அரை மணி. இன்று காலை உன்னோடு பேசி முடித்ததிலிருந்து எங்களுக்குள் ஒரு தகராறு. தட்டு அப்படிச் சிவந்து எரியும்போது, ஒரு சாண் தள்ளி இருக்கிற ரப்பர் டயர் ஏன் உருகுவதில்லை? காற்று போவதற்கு வழி விட்டிருப்பார்கள் என்று அவர் சொல்கிறார். சிவந்த தட்டை ஆற்றக் காற்று மட்டும் எப்படிப் போதும் என்று நான் கேட்கிறேன். இரண்டு பேரும் விடுவதாயில்லை. நீ வரும்வரை காத்திருக்கமுடியாது. இதைப் படித்ததும், வேலையில் இருந்தாலும் பரவாயில்லை, கூப்பிடு. தாளும் பேனாவும் எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்
அம்மா